மாறிப்போன மூடியும் மூன்றாவது விண்ணப்பமும்

என் கூடப்பிறந்தவளுக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. அன்றைக்குப் போனில் நீ போட்ட சத்தம் நோயாளித் தொண்டையிலிருந்து வருகிற சத்தம் இல்லை. உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். உன் மகனுக்கும் பேரனுக்கும் என் முழு ஆசீர்வாதம். மருமகளுக்கு அரை. மீதி அரையை, அவள் பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளே, அதற்குக் கழித்துக்கொண்டேன். ஊதா கைப்பை, நான்காவது வரிசை. இல்லை என்று சொல்லச் சொல், பார்ப்போம்.

அன்றைக்குப் பேத்தியின் நேர்காணல் நடந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீ வேறு மாதிரி கதை கட்டக் கூடாது. என் பேத்தி. அவளுடைய கூட்டாளி, நாங்கள் கம்ப்யூட்டர்காரி என்று கூப்பிடுகிற பெண். வாசல் ஓரத்து நாற்காலியில், அரை நாள் லீவு போட்டுவிட்டு மகள் தோற்பதைப் பார்க்க வந்திருந்த என் பெரியவன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் பேராசிரியர், ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைக் கையிலிருந்து இறக்கவே இல்லை என்பதால் அவருக்குப் பாட்டில்காரர் என்று நானே பெயர் வைத்தேன். இன்னொருத்தி புதுக் கம்பெனிகளில் முதல் போடுகிற அம்மா, நல்ல முகம். மூன்றாவது, நேரம் பார்த்து மணி அடிக்கிற பெண். அப்புறம், பெரிய தலையணை மாதிரி ஓர் ஆசனத்தில் இடுப்புவரை புதைந்துபோய் நான். போனுக்குள்ளே நீ. அவ்வளவு பேர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கக் கிளம்பியது உனக்குத் தெரிந்திருக்காது. நீதான் எங்களைத் தலைமுழுகிவிட்டுப் போனவளாயிற்றே. பல்கலைக்கழகத்தில் இன்குபேட்டர் என்று ஒன்று இருக்கிறதாம். என்னடி அது என்று கேட்டேன். "கோழி அடைகாக்குற மாதிரி பாட்டி. நம்ம யோசனையை எடுத்துக்கிட்டு, உட்கார ரூம் கொடுத்து, சொல்லிக்கொடுக்க ஆள் கொடுத்து, ஆறு மாசம் பார்த்துக்குவாங்க" என்றாள். "பொரிக்கலைன்னா?" என்றேன். "வெளியே அனுப்பிடுவாங்க" என்றாள். "அப்போ நம்ம வீடு மாதிரி இல்லை. இங்கே உங்கப்பனை இன்னும் வெச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன். பெரியவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்று தடவைக்கு மேல் போட முடியாது என்பது அவர்கள் சட்டம். இவள் செய்திருக்கும் செயலிக்குப் பெயர் 'சமாதானம்'. பேச்சு நின்றுபோன இரண்டு பேரைச் சேர்த்துவைக்கிற வேலை. நம் மனக்குறையைப் போனிடம் சொன்னால், அது சுருக்கி, காரம் எடுத்து, எதிராளிக்கு அனுப்பும். எதிராளி சொல்வதையும் அப்படியே நமக்கு அனுப்பும். இரண்டு பேரும் சரி என்று அமுக்கிவிட்டால் இரண்டு கை குலுக்குகிற படம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துச் சமாதானம் ஆனவர் ஒருவராவது உண்டா என்று கேட்டுத்தான் இரண்டு தடவையும் தள்ளிவிட்டார்கள். இவளும் தெருத்தெருவாக ஆள் தேடினாள். "எங்க வீட்டுல சண்டையே கிடையாதும்மா" என்றாளாம் எதிர்வீட்டுக்காரி, உள்ளே தட்டு பறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

கடைசியில் என்னிடம் வந்தாள். "பாட்டி, உன்கிட்ட பகைக்குப் பஞ்சமில்லை. எனக்கு ஒண்ணே ஒண்ணு கொடு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரவிக்கைக் கையைக் குட்டையாகத் தைத்த தையல்காரரைத் தருகிறேன் என்றேன். வலிக்காத பல்லைப் பிடுங்கிய பல் டாக்டரைத் தருகிறேன் என்றேன். கல்யாணப் படத்தில் என் தலையைப் பாதியோடு வெட்டிய போட்டோக்காரரைச் சொன்னேன். "அவர் செத்துட்டார் பாட்டி" என்றாள். "அதனால?" என்றேன். அவரை விட்டுவிட்டு, "சின்னப் பாட்டி" என்று உன்னைச் சொன்னாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போனவள் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் பெரியவன் கறாராகச் சொல்லியிருந்தான்: "இந்தத் தடவையும் இல்லேன்னா பேசாம பழைய ஆபீசுக்குப் போயிடு. உன் நாற்காலியை இன்னும் காலியாத்தான் வெச்சிருக்காங்களாம்." சாயங்காலம் பார்த்தேன், அவள் அந்த ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலர் படிந்தாகிவிட்டது. படிந்த காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எடுடி அந்தப் போனை. ஆனா கடைசிவரைக்கும் சொல்லுவேன், நடுவுல நிறுத்தச் சொல்லக் கூடாது" என்றேன்.

சொன்னேன். நீயும் நானும் ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே மாதிரி குக்கர் வாங்கியதையும், நான் முதலில் நின்றும் கடைக்காரர் உனக்கே முதலில் பில் போட்டதையும், உன் குக்கரின் ரப்பர் கிழிந்துபோய் "ரெண்டே நாள்க்கா" என்று என்னுடையதை நீ இரவல் வாங்கிப் போனதையும், உன் மகனுக்கு வேலை மாறி வீட்டைக் காலிசெய்துகொண்டு ஊரைவிட்டே போகிற அன்றைக்கு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற என்னை வந்து பார்க்காமல், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், சாமான் ஏற்றுகிற லாரிக்காரரிடம் அந்தக் குக்கரைக் கொடுத்தனுப்பியதையும், அவர் "அந்தம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று வாசலில் வைத்துவிட்டு, நான் யார் என்ன என்று கேட்பதற்குள் போய்விட்டதையும், மூடியை எடுத்துப் பார்த்தால் அது என் மூடியே இல்லை, என் மூடியின் கைப்பிடியில் ஒரு கீறல் இருக்கும், இதில் அது இல்லை என்பதையும், குக்கரும் மூடியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி பழகிப்போனவை, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறொன்றோடு ஒட்டாது என்பதையும், அன்றிலிருந்து பதினோரு வருஷமாக என் அடுப்படியில் ஒரு பக்கம் புஸ்ஸென்று ஆவி போய்க்கொண்டே இருப்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். போன் சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அது சுருக்கி எழுதியது இதுதான்: பாத்திரம் தொடர்பான கருத்து வேறுபாடு.

கம்ப்யூட்டர்காரியைக் கூப்பிட்டு, "உன் மிஷினுக்குக் காது கேட்காதாம்மா?" என்றேன். "காரத்தை எடுத்துடும் பாட்டி, அதுக்குத்தான் செஞ்சிருக்கோம்" என்றாள். அதை உனக்கு அனுப்பினார்கள். நீ பதில் போடவில்லை. அதற்குள் நேர்காணல் வந்துவிட்டது. வாடிக்கையாளர் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரெல்லாம் பேனாவால் கிறுக்கியிருக்கிறது, கிறுக்கலாமாம். கண்ணாடி அறைக்குள் ஒருத்தன் பட்டப்பகலில் தூங்குகிறான், தூங்கலாமாம். உட்கார நாற்காலி இருந்தும், விருந்தாளி என்று என்னை அந்தத் தலையணைக்குள் இறக்கிவிட்டார்கள். பேத்தி நன்றாகத்தான் பேசினாள். நடுவில் சுவரில் காட்டுகிற படம் நின்றுபோய், கம்ப்யூட்டர்காரி மேஜைக்கடியில் போய் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். முதல் போடுகிற அம்மா கேட்டாள்: "ஒரு தடவை சமாதானம் ஆனவங்க மறுபடியும் ஏன் உங்ககிட்ட வரணும்?" நான் புதைந்த இடத்திலிருந்தே, "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையாம்மா?" என்றேன். அந்த அம்மா குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள்.

பாட்டில்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க சமாதானம் ஆயிட்டீங்களா?"

"இல்லை" என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. பேத்தியின் முகம் வெளுத்துப்போனது. வாசல் ஓரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது, பெரியவன் கிளம்ப எழுந்துவிட்டான். அப்போது இவள் செயலியை மூடிவிட்டு உன் எண்ணை அமுக்கி, சத்தத்தைப் பெரிதாக வைத்து, என் மடியில் போனை வைத்தாள். "நீயே பேசு பாட்டி" என்றாள்.

அப்புறம் நடந்ததை நீ காதால் கேட்டாய். கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"யாரு?" என்றாய். "நான்தான்" என்றேன். "நான்தான்னா?" என்றாய், குரல் தெரியாத மாதிரி. அது போகட்டும். "மூடி எங்கேடி?" என்றேன். எந்த மூடி என்று நீ கேட்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன்.

"உன் மூடி உன்கிட்டதான் இருக்கு."

"என்கிட்ட இருக்கிறது உன்னோடது."

"உன் குக்கர் வாய் வளைஞ்சிருக்கும். நீ பாத்திரத்தைப் போட்டு இடிக்கிற இடி தெருமுனைவரைக்கும் கேட்குமே."

"உன் வாய் வளையாம இருந்தாச் சரி."

முதல் போடுகிற அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மெசேஜ் அனுப்பினோமே, பார்க்கலையா?" என்றேன்.

"பாத்திரம்னு என்னவோ வந்துச்சு. பாத்திரக்கடை விளம்பரம்னு அழிச்சுட்டேன்."

கம்ப்யூட்டர்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போய் உன் மூடியை எடுத்துப் பாரு. கைப்பிடியில கீறல் இருக்கா?"

நீ நடந்து போகிற சத்தம் கேட்டது. பாத்திரம் உருண்டது. படித்தவர்கள், படிக்காதவள், எல்லோரும் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இருக்கு" என்றாய்.

"உன்னோடது கசியுதா?"

நீ மூடியைக் குக்கரில் வைத்துத் திருகுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுடி."

"கசியுது. வந்த நாள்லேர்ந்து கசியுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ ஏன் கேட்கலை?"

மணி அடிக்கிற பெண் கையைத் தூக்கினாள். முதல் போடுகிற அம்மா அந்தக் கையைப் பிடித்து மேஜையில் வைத்தாள்.

"மூடி கிடக்கட்டும். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு நான் லாரியில ஏறியிருப்பேனாக்கா?"

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு மணியை அடித்துவிட்டாள். "யாரோ வந்திருக்காங்க போல, மணி அடிக்குது, போய்ப் பாரு" என்றாய். "யாரும் வரலை. நேரம் முடிஞ்சுது" என்று வைத்துவிட்டேன். இதுதான் நடந்தது. நான் அழுததாக யாராவது சொன்னால் அது பொய். ஏசிக் காற்று நேரே கண்ணில் பட்டது. பெரியவன் கண்ணிலும் பட்டதாம்.

இப்போது கடிதத்தின் காரியம். நாம் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டோம் என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால்தான் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களாம். இல்லையென்றால் திங்கட்கிழமை இவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான். நான் போட்டுவிட்டேன். உனக்கான தாளை இதோடு வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பேத்திக்காகக் கேட்கிறேன். சமாதானம் என்று தாளில் இருப்பது தாளோடு. உன் புது வீட்டுப் படியை நான் மிதிக்கப்போவதில்லை. நீயாக மூடியைக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன். வா என்று கூப்பிட மாட்டேன்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பல்லும் கண்ணும் கெடாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு இருக்க வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

உனக்கு மூத்தவள்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பேத்தி வந்து "யாருக்குப் பாட்டி கடிதம்?" என்றாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் போனை வைத்த கையோடு நீயே அவளைக் கூப்பிட்டு, "அங்கே என்ன நடக்குது, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டு, உன் பேரனை விட்டுத் தாளை வரவழைத்து, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாயாம். கீழே "மூடி வேண்டுமானால் அக்கா வந்து வாங்கிக்கொள்ளட்டும்" என்று வேறு எழுதியிருக்கிறாயாம். இடம் கிடைத்துவிட்டது. செயலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் போனில் பேசவைத்து நடுவில் ஒருத்தர் உட்காருகிற வேலையாகச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் உட்காருகிறவர் வாயைத் திறக்கக் கூடாதாம். இதையெல்லாம் என்னிடம் நேற்றே சொல்ல வேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஆகவே மேலே கையெழுத்துப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படி. படியை மிதிக்க மாட்டேன் என்றதையும் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், உன் மூடியோடு. மருமகளுக்கு முழு ஆசீர்வாதமே இருக்கட்டும், அன்றைக்குச் சாப்பாடு போடப்போகிறவள் அவள். லாரிக்காரரை மன்னித்தேன். கடைக்காரரையும் மன்னித்தேன். செத்துப்போன போட்டோக்காரரையும் போனால் போகட்டும் என்று விட்டேன். ஆனால் நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "மூடியை மாத்திக்கிட்டா முடிஞ்சுது. இவ்வளவுதானா?" என்று கேட்டார். பதினோரு வருஷம் நீ அங்கே ஆவியில் வெந்தாய், நான் இங்கே வெந்தேன். இவ்வளவுதானாவாம். அந்தப் பாட்டில்காரரை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். நீயும் மன்னிக்காதே.