இன்டர்நேசனல் அண்ணையும் ஞாயிற்றுக்கிழமை ராகுகாலமும்

எங்கள் இன்டர்நேசனல் அண்ணையை விடப் பெரிய உதைபந்தாட்டக்காரர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்ததே இல்லை. இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார், வாரத்துக்கு நாலு தரம்.

மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து, அந்த நாட்டு அணியிலும் ஆடி, பென்சனோடு கோப்பாய்க்குத் திரும்பியவர். வெளிநாட்டு அணியொன்றை எதிர்த்து அவர் ஆடியது ஒரேயொரு ஆட்டம். அதில் அவர் அடித்த கோல் தை மாதத்தில் ஒன்றாக இருக்கும். ஆடி பிறப்பதற்குள் மூன்றாகிவிடும். ஊர்ச் சங்கத்தார் மூன்றையும் நம்பி அவரைப் பயிற்சியாளராக்கினார்கள்.

முதல் மாதம் முழுக்க எங்கள் கண்ணில் அவர் பந்தையே காட்டவில்லை. விடியற்காலையில் பதினொரு பேரையும் தன் தோட்டத்துக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க முறைவைத்துத் துலா மிதிக்க விட்டார். துலா மிதித்தால்தான் தொடை இறுகுமாம். தொடை இறுகியதோ இல்லையோ, அந்த வருடம் கோப்பாயிலேயே அவருடைய புகையிலைதான் செழித்து நின்றது.

நான் அப்போது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அணியில் பின்வரிசைக்காரன். குருநகர் அணியிடம் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றிருந்தோம். மூன்றாம் வருட இறுதியாட்டத்துக்கு முன் சங்கத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த முறையும் தோற்றால், யாரால் தோற்றோமோ அவர் சங்கத்தை விட்டு வெளியே போக வேண்டியதுதான்.

ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு, யாழ்ப்பாணம் முற்றவெளியில். ராகுகாலம் தொடங்குவதும் சரியாக அதே நேரம். குருநகர்ப் பெடியளுக்கு அந்தக் கவலை இல்லை. காலையில் மாதா கோயிலில் பூசை கண்டு, மத்தியானம் மீன்குழம்போடு ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து நிற்பார்கள். எங்கள் தகப்பன்மார் விடுவார்களா? தலைவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் தொடங்கிய காரியத்தை ராகுகாலத்திலும் தொடரலாம். ஆகவே மூன்று மணிக்கே பிள்ளையார் கோயிலடியில் ஆட்டத்தைத் தொடங்கி, பந்தை நிறுத்தாமல் உதைத்துக்கொண்டே முற்றவெளிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அண்ணை தலையிலடித்துக்கொண்டார். மலாயாவில் இப்படியொரு கூத்தைக் கண்டதில்லை என்றார். ஆனால் மூன்று மணிக்குத் தேங்காய் உடைத்து விசில் ஊதியவரும் அவர்தான்.

நாலு மைல், நல்ல வெயில், வெறுங்கால். கல்வியங்காட்டுச் சந்தியில் பந்து ஒரு மாட்டுவண்டிக்கு அடியில் போய்விட்டது. காரியம் தடைப்படக் கூடாதே என்று நாங்கள் வண்டியோடு சேர்ந்து ஓடி, அடியில் காலை விட்டு உதைத்தோம். சைக்கிளில் பின்னால் வந்த அண்ணை, "மாட்டுக்குப் பாஸ் பண்ணாதையடா" என்று கத்தினார்.

அப்படி வந்தும் நன்றாகத்தான் ஆடினோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது பந்து என்னிடம் வந்தது. கால் மரத்துப் போயிருந்தது. எங்கள் கோலியிடம் மெல்லத் தட்டிவிட நினைத்தேன். அது அவனைத் தாண்டி எங்கள் கம்பத்துக்குள்ளேயே போய் விழுந்தது.

அடுத்த நாள் சங்கக் கூட்டம். தலைவர் பஞ்சாங்கத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. என்னைக் காட்டி, "உவன்ரை பேரை வெட்டுங்கோ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணை எழும்பினார். "அவனிலை பிழையில்லை. பந்தைப் பின்னுக்குத் தட்டச் சொல்லிக் கத்தினது நான்தான்."

அவர் கத்தவே இல்லை. அந்த நேரம் கோட்டுக்கு அப்பால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒருவரும் மறிக்கவில்லை.

இரண்டு வேலிகளுக்கு நடுவே போன ஒழுங்கைக்குள் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். "ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"நான் ஆடி முடிச்சவன். நீ இன்னும் ஆட வேணும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் காணாதபடி முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். காட்டியிருக்கலாம்.