கடகடவா, கடக் கடக்கா?

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீங்களும், உங்களுக்குத் தத்துக் கொடுத்த என் சின்னக் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதை ரொம்ப விரட்டாதீர்கள், அதட்டாமல் வளர்த்த பிள்ளை.

"அத்தான், உங்க மரியாதைக்கு இந்தக் குட்டிக் கார் என்னத்துக்கு? என்னோட பெரிய வண்டிய எடுத்துக்கங்க. ஒரே ஆள் ஓட்டினது. அதுவும் ஜிம்முக்குப் போறதுக்குன்னு வாங்கினது. அங்க நான் போனதே நாலு நாள்தான், வண்டி எங்க ஓடியிருக்கும்? சின்னதா ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்று சொல்லித்தானே மாற்றிக்கொண்டீர்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை மச்சான். ஒரே ஆள்தான் ஓட்டுகிறேன். மற்ற எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். இத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர்கூட இப்போது நெருக்கமாகிவிட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தள்ளணும் சார்?" என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்கிறார். டாக்டர் அவரை நடக்கச் சொன்னாராம். நடப்பதைவிட இது மூட்டுக்கு நல்லதாம்.

அந்தச் "சின்ன சத்தம்" விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதி மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "சத்தத்த வாயால சொல்லுங்க சார்" என்பார். நானும் ஆபீஸ் சட்டையோடு, கடை வாசலில், நாலு பேர் பார்க்க, "கடகட கடகட" என்று கத்தினேன். "கடகடன்னா ஷாக் அப்சார்பர் சார், சந்தேகமே இல்ல" என்று நாலையும் கழற்றிப் புதிதாக மாட்டினார். மாட்டிய பிறகு வண்டி முன்னைவிட சொகுசாகக் கடகடத்தது. அடுத்த தடவை உங்கள் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன், புத்தி போதாமல். நான் கத்தி முடிப்பதற்குள், "என்னங்க நீங்க, காதுல பஞ்சா? எங்க கடகடன்னு வருது? கடக்... கடக்... நடுவுல நின்னு மூச்சு விடுதுல்ல?" என்று அபிநயத்தோடு செய்து காட்டினாள். மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா சொல்றதுதான் கரெக்ட். கடக் கடக்னா ஆக்சில். சார் தப்பாக் கத்திட்டாரு!" ஒரு 'க்' விட்டுப்போனதற்கு இவ்வளவு பெரிய அபராதம் எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார்கூடப் போட்டதில்லை.

ஆக்சிலும் மாறியது, சத்தம் மாறவில்லை. இதற்கிடையில் ரேடியேட்டர் ஒழுகி, நடுரோட்டில் வண்டி ஆவி விட, நானும் பெருமூச்சு விட, எது எங்கிருந்து புகைகிறது என்று தெரியாமல் போக்குவரத்துக் காவலர் என்னையும் சேர்த்து ஓரங்கட்டினார். அதைச் சரிசெய்தால் கிளட்ச் போனது, கிளட்சைப் போட்டால் ஏசி சூடான காற்றை மட்டும் தாராளமாகக் கொடுத்தது, அதைக் கேட்கப் போனால் "கம்ப்ரஸர் சார்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்கிறார். முதல் தடவை போனபோது அந்தக் கடைக்குத் தகரக் கூரை. இப்போது கான்கிரீட். மாடிப்படிக்கு அடித்தளம் போட்டிருக்கிறார், அது உங்கள் வண்டியின் கியர்பாக்ஸை நம்பித்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், பில் கொடுக்கிற நேரத்தில் வண்டி சத்தமே போடாது. அப்போது போடுகிறவன் நான்.

இதையெல்லாம் வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியுமா? "என் தம்பி ஆசையாக் குடுத்த வண்டி. திருப்பிக் குடுக்கணும்னா குடுங்க, அப்படியே நீங்களும் அங்கயே இருந்துக்கங்க" என்கிறாள் உங்கள் அக்கா. நீங்கள் ஜிம்முக்குப் போன கதையை அவள் சொல்லி நான் ஒருமுறை சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து காபிக்குக்கூடச் சர்க்கரை குறைந்துவிட்டது.

ஆகவே மச்சான், உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் சின்னக் காரோடு வாருங்கள். "அக்கா, என் வண்டிய விட்டுட்டு இருக்க முடியல, தூக்கமே வரல" என்று கண்ணைக் கசக்குங்கள். நான் பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அவள் எதிரில் கொஞ்சம் தயங்குவேன், அதைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மற்றபடி நீங்களும் தங்கையும் குழந்தைகளும் எல்லாச் செல்வமும் பெற்று, எந்தச் சத்தமும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தள்ளுவண்டிக்காரனாகிவிட்ட உங்கள் அத்தான்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டப்போகிற சமயத்தில் வாசலிலிருந்து உங்கள் அக்காவின் கூச்சல். வண்டியின் டிக்கியைப் பெருக்கியவள், ஸ்டெப்னி டயருக்கு அடியிலிருந்து ஒரு இரும்பு டம்பெல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பக்கம் திரும்பினால் உருண்டு ஒரு கடக், இடது பக்கம் திரும்பினால் இன்னொரு கடக். "பாத்தீங்களா! என் தம்பி எக்சர்சைஸ் பண்ணினான்னு சொன்னப்ப சிரிச்சீங்களே!" என்றாள். பிறகு என் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். எனவே மேலே எழுதியது எதுவும் நான் எழுதியதல்ல. வண்டி உயர்ந்த வண்டி. என் சின்னக் கார் உங்களிடமே இருக்கட்டும். இருவரும் அதிலேறி ஒரு சுற்றுப் போனோம், கடக்கும் இல்லை, கடகடவும் இல்லை. தெருமுனையில் உங்கள் அக்கா திடீரென்று, "நிறுத்துங்க! கொர்ருனு ஒண்ணு கேக்குதே? இவ்வளவு நாள் அந்தச் சத்தத்துக்கு அடியில ஒளிஞ்சிருந்திருக்கு!" என்றாள். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "கொர்ரா, கொறகொறவா? அக்காவக் கேட்டுச் சொல்லுங்க சார். ரெண்டுக்கும் விலை வேற வேற" என்கிறார். டம்பெல்லை வாங்கிப்போக நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். இன்று காலையிலிருந்து நான்தான் அதைத் தூக்கிப் பழகுகிறேன். வண்டி தள்ளத் தெம்பு வேண்டுமே.