சம்பந்தி மென்ற புல்

ஒரு காட்டில், அதுவும் பாதி வருஷம் மழையும் மீதி வருஷம் புழுக்கமுமாகக் கிடக்கும் ஒரு மலையடிவாரக் காட்டில், சிங்காரவேலு என்ற புள்ளிமான் தன் மனைவி கோமதியோடும் மகள் மஞ்சரியோடும் வாழ்ந்து வந்தது. அந்த மண்ணில் காய்ந்த குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும். கோமதி ஊன்றாமல் விட்ட குச்சி கிடையாது. வாசலில் சேம்பு, அதன் மேல் பிரண்டை, பிரண்டைக்கு நடுவே செம்பருத்தி, கால் வைக்க இடமில்லாமல் மணத்தக்காளி.

மஞ்சரிக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் மைனா செல்போனில் ஒரு படத்தைக் காட்டியது. படத்தின் ஓரத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தது. சிங்காரவேலு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பின்னால் விரிந்திருந்த புல்தரையைத்தான் பார்த்தது. ஒரே உயரம், ஒரே பச்சை, மருந்துக்கும் ஒரு களை இல்லை.

"கோமதி, நம்ம வாசலைப் பாரு. காடு மாதிரி இருக்கு!"

"காட்டுலதானேங்க இருக்கோம்," என்றது கோமதி.

சிங்காரவேலுவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் வாசலைச் சீர்படுத்த, தோட்ட அலங்கார ஆலோசகரான கொக்கை வரவழைத்தது.

கொக்கு ஒரு காலத்தில் குளிர்நாட்டுக்குப் போய்விட்டு வந்தது. அதன்பிறகு இந்த ஊர்ச் செடி எதுவும் அதன் கண்ணுக்குச் செடியாகத் தெரிவதில்லை. ஒற்றைக் காலில் நின்று வெகுநேரம் யோசித்தது. பிறகு அலகால் வாசல் முழுவதையும் சுட்டிக்காட்டி, "இதெல்லாம் களை சார்," என்றது.

"மணத்தக்காளி களையா?" என்று கோமதி கேட்டது. "வாய்ப்புண் வந்தப்ப இவர் எதைத் தின்னார்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. இரண்டு காட்டுப்பன்றிகள் வந்து ஒரே காலையில் எல்லாவற்றையும் கிளறித் தள்ளின. கோமதி கிளறிப்போட்டதை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது.

வெளிநாட்டுப் புல் வந்தது. லேவண்டர் வந்தது. வெள்ளைக் கூழாங்கல் வந்தது. கூடவே மழையும் வந்தது. லேவண்டர் வேரோடு அழுகிச் சாய்ந்தது. புல்லில் படர்தாமரை மாதிரி வட்ட வட்டமாகப் பழுப்பு பூத்தது. கூழாங்கல் பாசி பிடித்துப் பச்சையானது. நத்தைகள் குடும்பத்தோடு குடியேறின.

சிங்காரவேலு கொக்குக்குப் போன் போட்டது.

"ஈரப்பதம் அதிகம் சார்," என்றது கொக்கு.

"மழைக்காட்டுல ஈரம் இல்லாம எப்படி இருக்கும்?"

"அதைத்தான் சார், நீங்க கொஞ்சம் குறைச்சுக்கணும்."

அன்று சாயங்காலம் மஞ்சரி வெளியே வந்தபோது, அப்பா கொட்டும் மழையில் ஒரு வாழை இலையை வாயில் கவ்விப் புல்லுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது? உள்ள வாங்க."

இலையைக் கீழே வைத்துவிட்டுச் சிங்காரவேலு சொன்னது: "அவங்க உன்னைக் குறைச்சலா நினைச்சிடக் கூடாதும்மா."

திட்ட வந்த மஞ்சரி இலையின் மறுமுனையைக் கவ்விக்கொண்டது.

கடைசி வைத்தியமாகக் கொக்கு சுருட்டிய பாய் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் விரித்தது. பிளாஸ்டிக் புல். "அழுகாது சார். வாடாது. வளரவும் வளராது," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

சொன்னபடி ஆவணியில் மாப்பிள்ளை நெடுமாறனும் அதன் தாய் அம்புஜமும் வந்தார்கள். கோமதி உள்ளே பலகாரம் எடுக்கப் போயிருந்தது. பேச்சுக்கு நடுவே, மானாயிற்றே, அம்புஜத்தின் தலை தானாகக் குனிந்தது. வாய் நிறையப் புல்லைக் கவ்வி இழுத்தது.

அம்புஜம் மென்றது. இன்னும் மென்றது. விழுங்கியது.

"நல்ல புல். என்ன ரகம்?"

"வெளிநாடுங்க."

"அதான் கொஞ்சம் அழுத்தமா இருக்கு," என்று இன்னொரு வாய் எடுத்தது. விருந்தாளி மட்டும் சாப்பிட்டால் நன்றாயிருக்காது என்று சிங்காரவேலுவும் குனிந்து ஒரு வாய் மென்றது.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். வீட்டுப் பக்கவாட்டில் நெடுமாறன் மெதுவாகக் கேட்டது: "தப்பா நினைக்காதீங்க. வாசல்ல இருக்கிறது பிளாஸ்டிக்தானே?"

மஞ்சரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுலயும் அதேதான். போட்டோல பார்த்திருப்பீங்களே."

"ஐயையோ! உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"வாங்கினதே அம்மாதாங்க."

மஞ்சரி சிரித்த சிரிப்பில் வாசலில் மெல்லுவது ஒரு நிமிஷம் நின்று, பிறகு தொடர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் மஞ்சரி கேட்டது: "அப்ப நீங்க எதைச் சாப்பிடுறீங்க?"

நெடுமாறன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. "கொல்லைப்பக்கம் ஒளிச்சுக் கொஞ்சம் அருகம்புல் வளர்க்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அப்போதுதான் மஞ்சரி மாப்பிள்ளையை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது. உள்ளே போய்ச் சம்மதம் என்றது.

தாம்பூலம் மாற்றினார்கள். அன்றிரவு சிங்காரவேலுவுக்கு ஆற்றுக்கு இக்கரையில் வயிற்றுவலி, அம்புஜத்துக்கு அக்கரையில் வயிற்றுவலி. இரண்டு பேருமே பலகாரத்தில் எண்ணெய் சரியில்லை என்றார்கள். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

நீதி: பிளாஸ்டிக் புல்லை முகம் சுளிக்காமல் மெல்லத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்தால் சம்பந்தம் நிலைக்கும், பசிக்கிறவர்கள் கொல்லைப்பக்கம் போய்க்கொள்ளலாம்.