ஒரிஜினல் அண்ணாச்சியின் சைலன்ஸர்

துருவுக்கு மரியாதை கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தங்கல்லில் இருக்கிறார். நான் புரூஃப் பார்க்கும் காலண்டர் பிரஸ்ஸில் மை கலக்குபவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ஒரிஜினல் அண்ணாச்சி.

எங்கள் முதலாளியின் அப்பா எந்தக் காலத்திலோ சென்னையில் ஏலத்தில் எடுத்த அமெரிக்கக் கார் ஒன்று பேப்பர் குடோனில் கிடந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர். அந்த நாட்டு இளவட்டங்கள் சீறிப் பாய்வதற்கென்றே செய்த மசில் கார் வகையாம். எங்கள் குடோனில் அது கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை அண்ணாச்சி கேட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். அன்று ஆரம்பித்த வேலை பதினொரு வருஷம் ஓடியது.

காரணம், அவர் எதையும் மாற்ற விடமாட்டார். ஒரு மெக்கானிக் வந்து, மொத்தத்தையும் சுரண்டிவிட்டுச் சிவப்பு அடித்தால் ஜொலிக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவருக்கு வந்துகொண்டிருந்த காபி பாதி வழியில் திரும்பிப் போனது. கார் பிறந்தபோது அடித்த நீலம் அப்படியே இருக்க வேண்டும். துருப்பிடித்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் அதே நீலத்தைத் தொட்டு வைக்க வேண்டும். இது அண்ணாச்சியின் சட்டம். அந்த நிறத்தை முதலில் அச்சு மையில் பிடித்துக்கொண்டு, பிறகு அதே அளவில் பெயிண்ட் கலப்பது என்று முடிவு செய்தார். பிரஸ்ஸில் வேலைக்கு நடுவே தினமும் ஒரு டப்பா நீலம் கலப்பார். வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி கலப்பார்.

ஒரு நாள் டப்பா மாறிவிட்டது. அந்த வருஷக் காலண்டரில் கிருஷ்ணர் கார் நிறத்தில் அச்சாகிவிட்டார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மறு வருஷம் ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் அதே நீலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

ஆயுத பூஜைக்கு ஊரே வண்டிகளுக்குச் சந்தனம் பூசும். அண்ணாச்சி பானெட் மேல் ஆர்ட் பேப்பரை விரித்து, பேப்பருக்குப் பொட்டு வைத்தார். அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"முப்பது வருசமா நானுந்தான் ஒரிஜினலா இருக்கேன். என்னைய ஒரு நா இப்படிப் பாத்திருக்கீகளா?"

அண்ணாச்சி ஹெட்லைட்டைத் துடைத்தார்.

இத்தனையும் எதற்கு? மதுரையில் பழைய கார்களுக்குக் கண்காட்சி நடக்கும். ஒரு திருகாணிகூட மாறாத வண்டி என்று அங்கே பரிசு வாங்க வேண்டும். அந்த மனிதர் தனக்கென்று ஆசைப்பட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பு கார் உயிர் பெற்றது. முதல் ஓட்டத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டார். நாரணாபுரம் ரோட்டில், ஒரு பட்டாசு கம்பெனியின் வேலியை ஒட்டிப் போகும்போது பின்னால் டமார் என்று வெடித்தது. உடனே இன்னொன்று. சைலன்ஸர்தான். நான் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்காமல் வண்டியை நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம், ஏதோ ஒரு பட்டாசு கம்பெனி வெடித்துவிட்டது. கேட்டைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கேட்டார்.

"எந்தக் கம்பெனிண்ணே? எம் மக அங்கன மேலக் கம்பெனில இருக்கா."

எங்கும் ஒன்றும் ஆகவில்லை, இந்தக் கார்தான் என்று நான் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தனமே படாத கதவில், வெடிமருந்து அப்பிய அவர் கையின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. நான் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாச்சி வண்டியை ஓட்டி வரவில்லை. பிக்கப் வேனில் கயிறு கட்டி இழுத்து வந்தார். மெக்கானிக் பார்த்துவிட்டு, பழைய கார்புரேட்டரும் அந்தச் சைலன்ஸர் குழாய்களும் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் என்றார். ஆனால் கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிப் போய்விடலாம், பரிசை வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னார். நானும் அதையே சொன்னேன்.

"அந்தம்மா வந்து கதவப் புடிச்ச பெறகு, இன்னொரு நா இத வச்சிருக்க முடியுமா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

மறுநாளே இரண்டும் கழன்றன. புது கார்புரேட்டர் ஏறியது. அடியில் ஒரு லாரி சைலன்ஸரை வெட்டி ஒட்டவைத்துப் பொருத்தினார்கள். பழைய குழாய்களை அண்ணாச்சி அந்த நீலக் கிருஷ்ணர் காலண்டரிலேயே சுற்றிப் பரணில் வைத்தார்.

மதுரையில் நடுவர் நீலத்தைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார். இவ்வளவும் காப்பாற்றிவிட்டு இதை ஏன் மாற்றினீர்கள் என்று நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

"எங்க ஊர்ல சத்தம் கேட்டா பொம்பளைக பிள்ளையத் தேடி ஓடியாருவாக, சார்."

நடுவருக்குப் புரிந்ததோ என்னவோ, மார்க்கைக் குறைத்தார். பரிசு வேறு யாருக்கோ போனது.

இப்போதும் சில சாயங்காலங்களில் என்னை ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் வரை போய் வருகிறார். கம்பெனி வேலியை ஒட்டிப் போகும்போது உள்ளே யாரும் தலை நிமிர்வதில்லை. அண்ணாச்சிக்கு அதில் அம்புட்டு சந்தோஷம். எனக்கு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்.