பின்னால் வருவதற்கு நம்பர் எங்கே?

"பின்னால வர்றதுக்கு நம்பர் எங்க பாய்?"

"முன்னால இருக்குதே சாப், அதே நம்பர்தான்..."

"அது லாரிக்கு. நான் கேக்குறது பின்னால கட்டி இழுத்துட்டு வர்றீங்களே, அதுக்கு..."

"லாரி போற எடத்துக்குத்தானே அதுவும் வருது? தனியா சினிமாவுக்கா போகுது, தனி நம்பர் வைக்க?"

கடைசியாகப் பேசியது லாரிக்குள்ளிருந்து. பின்பக்கத்துச் சேலைத் திரையை ஒதுக்கிக்கொண்டு லத்தீபாவின் தலை வெளியே நீண்டது.

"நீ உள்ள போ புள்ள. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்ல?" என்றார் அவள் கணவர் அப்துல் வாஹித்.

"எங்க பேசுனீங்க மச்சான்? அப்பப் புடிச்சு 'ஹாங் சாப், ஹாங் சாப்'ங்கிறீங்க. அதுக்குப் பேரு பேச்சா?"

குடைபிடித்து நின்ற மோட்டார் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஜெகநாதன் கையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மெயின்லேண்டிலிருந்து தீவுக்குக் கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர். அவருக்குப் பின்னால் நின்ற பியூன் பன்னீர்செல்வம், ஏனோ வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பெரார்கஞ்சுக்கு முந்தின வளைவு அது. ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி அந்த ஆபீஸர் அங்கே வந்து நின்றதுதான் வாஹிதுக்கு ஆச்சரியம்.

அந்த லாரி, ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளியது. அதற்குப் பலகையடித்து, தகரம் வேய்ந்து, கட்டில் போட்டு, அதையே வீடாக்கியிருந்தார் வாஹித். அதன் வாலில் இரும்புத் தண்டு. தண்டின் முனையில் இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லரின் மேல் டீசல் இன்ஜினும் நெல் அரைக்கிற மிஷினும். காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர்களில் நெல் விளைந்தது, மில் இல்லை. பெண்கள் காலால் உலக்கையை மிதித்து மிதித்து இடுப்பொடிந்து கிடந்த ஊர்களுக்கு, வீட்டையும் மில்லையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனவர் வாஹித். வண்டிச் சத்தம் கேட்டால் கும்பிட்டுக்கொண்டே ஓடி வருவார்கள்.

"ஒரு எடமா வீடு கட்டிக்கக் கூடாதா பாய்?" என்று யாராவது கேட்டால், "எல்லார் வீட்டுக்கும் வாசல் ஒரு பக்கம்தான். என் வீட்டை எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்பிக்கலாம்!" என்பார்.

லத்தீபாவும் கொஞ்ச காலம் கேட்டாள். "அடுத்த அறுப்பு முடியட்டும் புள்ள, இன்ஷா அல்லாஹ்" என்பார். ஒவ்வோர் அறுப்புக்கும் ஓர் அடுத்த அறுப்பு இருந்தது. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எண்ணெய் டின் ஒன்றில் பலாக்கன்று வளர்த்தாள். கன்று பெரிதாக ஆக டின் மாறியது. போன மாதம் பல்வலி என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட டின்னை மடியில் வைத்துக்கொண்டே போனாள். மச்சானிடம் விட்டால் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவாராம்.

"இழுக்கிறதும் வண்டி, இழுபடுறதும் வண்டி. டிரெய்லருக்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன், தனி நம்பர்" என்றார் ஜெகநாதன். "அறுப்பு நெல்லு வர்றதுக்குள்ள சரி பண்ணணும். இல்லேன்னா மிஷினை ஆபீஸ் வாசல்ல கொண்டுபோய் நிறுத்திடுவேன்."

வாஹித் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் வாசலில் கடல் காற்றும் மழையும் ஒரு பருவம் அடித்தால் மிஷின் துருவாகிவிடும். பிறகு கப்பலேறிச் சொந்த ஊர் கீழக்கரைக்குப் போய், அண்ணன் கடையில் துணி கிழித்துப் போடுகிற வேலைதான். அந்த அண்ணனோடு ஒரு வேளை சேர்ந்து சோறு தின்பதே கஷ்டம்.

"நம்பர்தானே மச்சான்? எழுதிட்டாப் போச்சு!" என்றாள் லத்தீபா, வண்டி கிளம்பியதும்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெயின்ட் வாங்கி, லாரி நம்பரையே டிரெய்லரின் முதுகிலும் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அடுத்த நடையில் அதே வளைவில் அதே குடை.

"என்ன பாய் இது! ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பரா? முன்னே நம்பர் இல்லாம ஓட்டுனீங்க, அது சின்னக் குத்தம். இப்பப் பொய் நம்பர் போட்டு ஓட்டுறீங்க!"

"யா அல்லாஹ்! சாப், எம் பொஞ்சாதி சொன்னான்னு..."

"ஆமா, சொன்னேன். தாய்க்கும் புள்ளைக்கும் ஒரே வீட்டுப் பேரு இருந்தா என்ன தப்பு?" என்றாள் லத்தீபா திரைக்குள்ளிருந்து.

வாஹித் பெயின்டைச் சுரண்டிவிட்டு முறைப்படி விண்ணப்பிக்கப் போர்ட் பிளேர் போனார். "நீயும் வாயேன், உனக்குத்தான் வாய் இருக்கே" என்று கூப்பிட்டதற்கு, "எனக்கு ஆபீஸுன்னாலே பயம் மச்சான்" என்று லத்தீபா வண்டியிலேயே இருந்துகொண்டாள்.

போனவர் முகம் தொங்கித் திரும்பினார். "டிரெய்லர்ல ஒரு ஆளு உக்காந்து வரணுமாம் புள்ள. பின்னால நடக்கிறதை டிரைவருக்குச் சாடை காட்டணுமாம். ஆளில்லாம நம்பர் கெடையாதாம்."

"நான் உக்கார்றேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கண்ணில்லையா?"

இன்ஜினுக்குப் பக்கத்தில் தலையணை போட்டு, குடை விரித்து, பலாக்கன்றை மடியில் வைத்து லத்தீபா ஏறி உட்கார்ந்தாள். அவள் கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனை வாஹிதின் முழங்கையில். ஓர் இழுப்பு இழுத்தால் நிறுத்து, இரண்டு இழுத்தால் போ என்று ஏற்பாடு.

விம்பர்லிகஞ்ச் ரோட்டில் கயிறு சுண்டியது. வாஹித் அலறியடித்து பிரேக்கை மிதித்தார். டிரெய்லரின் தண்டு லாரியின் முதுகில் இடித்து, உள்ளே சட்டி பானையெல்லாம் உருண்டன.

"என்னாச்சு! என்னாச்சு!"

"மீன்காரன் போறான் மச்சான். சூரை நல்லாயிருக்கு."

கொஞ்ச தூரத்தில் மறுபடி இழுப்பு. தெரிந்த பெண்பிள்ளை வரப்பில் போகிறாளாம், விசாரிக்க வேண்டுமாம். சாயங்காலம் பார்த்தால் வாஹிதின் முழங்கை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

அதற்கும் நம்பர் வரவில்லை. வந்தவர் ஜெகநாதன்தான்.

"ஆள் சரி. ஆனா லாரி சரக்கு வண்டின்னு பதிஞ்சிருக்கு. உள்ள என்ன சரக்கு?"

"சரக்கு... நாங்கதான் சாப்."

"கட்டில் கிடக்கு. கட்டிலுக்குக் கீழ டிரங்குப் பெட்டி, அதுக்குப் பக்கத்துல மண்ணெண்ணெய் ஸ்டவ்வு. குடித்தனம் நடத்துற சரக்கு லாரி டிரெய்லர் இழுக்கக் கூடாது."

வாஹித் வாயைப் பிளந்தார். மனிதர் வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டவ் இருக்கிற இடம் எப்படித் தெரிந்தது?

"சாப்புக்குக் கண்ணு கூர்மை" என்றாள் லத்தீபா, குனிந்து கன்றின் இலையைத் துடைத்தபடி. பிறகு மெல்லச் சொன்னாள்: "சரக்கு வண்டின்னாத்தானே வம்பு? இதை வீடுன்னே எழுதிக் குடுத்துடுங்களேன் மச்சான்."

வாஹித் நிலப் பதிவு ஆபீஸுக்கு ஓடினார். அங்கிருந்த கிளார்க் பேனாவைத் திறந்தார்.

"வீடு எந்த கிராமம்?"

"வியாழக்கிழமை பெரார்கஞ்ச் சாப்."

"வெள்ளிக்கிழமை?"

"ஜும்ஆவுக்கு டவுனுக்கு வந்துடும்."

"வீடு ஜும்ஆவுக்கு வருமா?"

"எங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும் சாப்."

கிளார்க் பேனாவை மூடினார். "டயர் இருக்கிற வீடு மோட்டார் ஆபீஸுக்குப் போகும். ஜாவ்."

மோட்டார் ஆபீஸில், "கட்டில் இருக்கிற வண்டி நில ஆபீஸுக்குப் போகணும்" என்றார்கள். இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் வெயிலில் நின்ற வாஹித், இருக்க இடமில்லாதவரைப் போல முதன்முதலாக உணர்ந்தார்.

அதற்குள் அறுப்பு முடிந்துவிட்டது. பெரார்கஞ்சில் வண்டியை நிறுத்திய மேட்டில் மூட்டைகள் வந்து காத்திருந்தன. ஹரிபத மண்டல் என்கிற வங்காளக் குடியேறி, அந்த மேட்டுக்குச் சொந்தக்காரர், நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தார். "வாஹித் பாய், ஜல்தி அரைங்க. வீட்டுல அவ காலால மிதிக்க மாட்டேன்னுட்டா. மிஷின் வந்ததும் கால் வலி வந்துடுச்சு அவளுக்கு."

"அரைச்சா மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்க மண்டல் பையா! நாளைக்கு ஆபீஸர் வர்றார்" என்று வாஹித் அழாக்குறையாகச் சொன்னார்.

"சக்கரம் இருந்தாத்தானே மச்சான் வண்டி?" என்றாள் லத்தீபா.

வாஹித் திரும்பினார்.

"கழட்டிடுங்க. அப்புறம் அவரு எதுக்கு நம்பர் கேப்பாரு, அம்மிக்கா? அறுப்பு தாண்டட்டும், திரும்ப மாட்டிக்கலாம்."

இப்படி ஒரு மூளையைக் கட்டில் போட்ட லாரிக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே என்று வாஹித் மலைத்துப்போனார். அன்றே சக்கரங்களைக் கழற்றி, மரக்கட்டைகளை அண்டக்கொடுத்து மிஷினை மேட்டில் இறக்கினார்கள்.

மறுநாள் ஜெகநாதன் வந்து மிஷினைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "இது வண்டி இல்லை" என்று புத்தகத்தை மூடினார். வாஹிதுக்கு உயிர் வந்தது.

"ஆனா, லாரி?"

"இந்தாங்க சாப், காலி!" லத்தீபா கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "புடிங்க மச்சான், நிக்கிறீங்களே!" கட்டில் இறங்கியது. டிரங்குப் பெட்டி, ஸ்டவ், சட்டி பானை எல்லாம் இறங்கின. ஆபீஸர் திருப்தியாகத் தலையாட்டி, "இனி இதுக்குள்ள குடித்தனம் கண்டேன், லாரியே ஆபீஸ் வாசலுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற அந்தத் தீவு மழை. கட்டில் நனைந்தது. மெத்தை ஊறியது. டிரங்குப் பெட்டியின் மேல் லத்தீபா குடையோடு உட்கார்ந்தாள். ஒரு சாக்கைத் தலைக்கும் ஒரு சாக்கை மிஷினுக்கும் போர்த்திக்கொண்டு, போகிற இடமெல்லாம் வீட்டோடு போன வாஹித், வீடில்லாமல் நின்றார்.

ஹரிபத மண்டல் பார்த்துவிட்டார். அங்கே எல்லாரும் லத்தீபாவை 'பாபி' என்பார்கள், அண்ணி என்று.

"அரே, பாபி மழையில உக்காந்திருக்காங்க! எல்லாரும் தேக்தே ரஹேகா க்யா, பாத்துக்கிட்டே நிப்பீங்களா? வாங்கடா!"

மூங்கில் வந்தது. கூரை வேய்கிற தானிபத்தி ஓலை கட்டுக்கட்டாக வந்தது. ராஞ்சிக்காரர்கள் குழி தோண்டினார்கள். தெலுங்கர் ஒருவர் கூரைமேல் ஏறினார். எந்தப் பாஷையில் யார் யாரை வேலை ஏவினார்கள் என்று தெரியவில்லை, வேலை மட்டும் நடந்தது. முதலில் கட்டிலுக்கு மேல் ஒரு கூரை, அப்புறம் மிஷினுக்கு மேல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நனையாமல் போய்வர வேண்டாமா என்று இன்னொன்று. பிறகு சுற்றிலும் தட்டி. பிறகு ஒரு கதவு.

"இந்த மேட்டுல நெல்லு ஏறாது பாய்" என்றார் ஹரிபத மண்டல். "நீங்களே வெச்சுக்குங்க. எங்க ஊருக்கு மில்லு வேணும், அவ்வளவுதான்." கிராமமே திரண்டு போய்க் கேட்டதில், நில ஆபீஸ் கிளார்க்கும் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை வீடு எந்தக் கிராமம் என்பதற்குப் பதில் இருந்தது.

அந்தப் பருவத்தில் மிஷின் ஓயவில்லை. வாஹித் நெல்லைத் தேடிப் போகவில்லை. நெல் வாஹிதைத் தேடி வந்தது. வெறும் லாரி மூட்டை ஏற்றப் போய் வந்தது. சக்கரங்களைத் திரும்ப மாட்டுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு சக்கரத்தின் மேல் கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது.

தொழுதுவிட்டு எழுந்த ஒரு காலையில் அவர் கண் கலங்கிப்போனார்.

"எத்தனை பேரு புள்ள! கூடப் பொறந்த அண்ணன் செய்வானா இப்படி? நம்ம பாஷைகூடத் தெரியாத ஜனங்க. அல்ஹம்துலில்லாஹ்! அந்த ஆபீஸரு மட்டும் அன்னிக்கு வளைவுல வந்து நிக்கலேன்னா, நான் இன்னும் உன்னைக் குழியிலயும் மேட்டுலயும் உருட்டிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்."

"ஆமா மச்சான்."

"அல்லாஹ்தான் அந்த மனுஷனை அனுப்பியிருக்கான்."

"அவன் இல்லாம எது நடக்குது?" என்றாள் லத்தீபா. கிணற்றடிக்குப் பக்கத்தில் பலாக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டின்னிலிருந்து அது எப்போது மண்ணுக்குப் போனது என்று வாஹித் கவனித்திருக்கவில்லை.

"போயி ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடறேன்."

"எங்க?" செம்பு சட்டென்று நின்றது. "ஆபீஸுக்கா? அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும் மச்சான். யாருகிட்டயாவது குடுத்துவிடலாமே."

"நன்றியைக் குடுத்துவிடுவாங்களா புள்ள? நேர்ல சொல்லணும்."

புது அரிசிமாவில் இடியாப்பம் அவித்து, தேங்காய்ப் பாலோடு தூக்கில் வைத்து அவள் கொடுத்தாள். கொடுத்த பிறகும் தூக்கின் பிடியைச் சற்று நேரம் விடாமல் நின்றாள்.

ஆபீஸில் ஜெகநாதன் எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு எதுக்கு பாய் இதெல்லாம்? ஆபீஸ்ல நான் ஒண்ணும் வாங்கக் கூடாது. என்னால நீங்க அலைஞ்சதுதான் மிச்சம். உங்களைப் பார்க்கவே எனக்குச் சங்கடமா இருந்துச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க சாப். எங்களுக்குத் தரையில ஒரு வீடு கெடைச்சதே உங்களாலதான். கப்பலை விட்டு எறங்கி வந்தவரு, யாரும் இல்லாத அந்த வளைவுல, நான் வர்ற வியாழக்கிழமை பார்த்து வந்து நின்னீங்களே! அல்லாஹ் அனுப்பாம அது எப்படி நடக்கும்?"

ஜெகநாதன் இருமினார். ஏதோ தேடுகிறவர் போல உள் அறைக்குப் போய்விட்டார்.

ஆபீஸரால் வாங்க முடியாத தூக்கைப் பன்னீர்செல்வம் வாங்கிக்கொண்டான். பெஞ்சில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஓர் இடியாப்பத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்துவிட்டுச் சொன்னான்:

"அல்லா அனுப்புனது சரி பாய், ஆனா எந்த வளைவுல நிக்கணும், ஸ்டவ்வு எங்க இருக்கும், எந்த ரூலுக்கு அப்புறம் எந்த ரூலை எடுத்தா நீங்க சக்கரத்தைக் கழட்டுவீங்கன்னு, பல்வலின்னு வந்த அன்னிக்கு அந்தப் பலாக்கன்னை மடியில வெச்சுக்கிட்டு இதே பெஞ்சுல உக்காந்து சாப்புக்குச் சொல்லிக் குடுத்தது பாபிதானே?"