ஆறு சிலிண்டருக்கு ஆறு நாள் விரதம்

கந்தசஷ்டி விரதத்தைப் பிள்ளை வரம் வேண்டிப் பிடிப்பார்கள். வேலை வேண்டிப் பிடிப்பார்கள். விசா வேண்டிப் பிடித்தவர்கள் லண்டனில் ஏராளம். எஞ்சினுக்காகப் பிடித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

என் வாகனத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பதினாறு வயது ஜீப். சாதாரண ஜீப் இல்லை. தோல் இருக்கை, மரம் பதித்த டாஷ்போர்ட், ஆறு சிலிண்டர். அதற்கு நான் ஆறாவது சொந்தக்காரன் என்பது நாங்கள் இருக்கிற ஹரோவில் ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளியில் விடப் போனால், மற்றத் தகப்பன்மார் சின்னப் பற்றரிக் கார்களுக்குள் இருந்து முனகிக்கொண்டு எழும்பி வருவார்கள். நான் மேலே இருந்து இறங்குவேன். அந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் வாரம் முழுக்க வேலைக்குப் போனேன்.

அப்பேர்ப்பட்ட வாகனம் ஒழுகத் தொடங்கியது. அதுவும் வீட்டு வாசலில் புதிதாகப் பதித்த கல்லின்மேல். அந்தக் கல்லில் மழை பெய்தாலே என் மனைவி சிவமலருக்கு மனம் பொறுக்காது.

“இதென்ன?” என்றாள்.

“ஏசித் தண்ணி.”

“நவம்பரிலை ஏசி போட்டனீங்களோ?”

“பழக்கதோசம்.”

அவள் குனிந்து விரலால் தொட்டாள். தொட்டதை என் வெள்ளைச் சட்டையில் துடைத்தாள். “தண்ணி நல்ல கறுப்பாய்க் கிடக்கு” என்றாள். அன்றைக்கே ஜீப்பை விற்பதென்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு நடப்பதில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் சஷ்டி வருகிறது என்று ஞாபகம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “இஞ்சாரும், நான் ஆறு நாளும் பாலும் பழமுமாய் இருக்கப்போறன். சிலிண்டருக்கு ஒரு நாள். பின்னேரம் ஒவ்வொரு நாளும் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவன். விரதத்தை முடிச்சனெண்டால் வாகனம் என்ரை. முடிக்கேல்லையெண்டால் உம்மடை விருப்பம்.”

சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, அதையே திரும்பவும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பக்தி என்றால் அவள் மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“முருகன் பாக்கட்டும். அதோடை றமணனும் ஒருக்கால் பாக்கட்டும்” என்றாள்.

றமணன் ஜேர்மனியில் நெடுங்காலம் ஸ்பானர் பிடித்துவிட்டு லண்டனுக்கு வந்து கராஜ் போட்டவர். ஜீப்பை மேலே தூக்கி, கீழே போய் நின்று, வீட்டுக்கூரை பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். எனக்குக் கழுத்து வலித்தது. கோப்பி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவரும் சிவமலரும் ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

“அண்ணை, இது மேலையிருந்தும் வரலாம், கீழையிருந்தும் வரலாம். எஞ்சினுக்குப் பின்னாலை ஒயிலை அடைக்கிற பின் சீல் எண்டால் பெரிய வேலை” என்றார்.

“எஞ்சினை இறக்கிப் பாருமன், தம்பி.”

“இந்த மொடலிலை எஞ்சினை இறக்கேலாது. எஞ்சினை விட்டிட்டு வாகனத்தைத்தான் தூக்க வேணும்.”

செலவு எவ்வளவு வரும் என்று கேட்டேன். முதலில் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பிறகு தண்ணீர் தந்தார். பிறகு சொன்னார். அந்தத் தொகைக்கு நான் இன்னொரு ஜீப் வாங்கி அதையும் ஒழுகவிடலாம்.

கடைசியாக ஒரு சின்னப் போத்தலை எடுத்து ஒயிலுக்குள் ஊற்றினார். சாயமாம். சாதாரண வெளிச்சத்தில் தெரியாதாம். ஊதா ரோர்ச் அடித்தால் ஒயில் போன இடமெல்லாம் பச்சையாக மின்னுமாம். சஷ்டி முடிய ஜீப்பைக் கொண்டுவந்தால் எங்கே ஒழுகுதென்று பார்க்கலாம் என்றார். விஞ்ஞானத்தின் வளர்ச்சியை வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

முதல் நாள் விரதம் பிரமாதம். ஆர்ச்வேக்கு என்று புறப்பட்டு உண்மையாகவே போனேன், ரயிலில். இரண்டாம் நாள் ஜீப்பில் புறப்பட்டேன். பிழை என்னுடையது இல்லை, ஜீப்பினுடையது. ஹரோவிலே ஒரு கொத்துரொட்டிக் கடை இருக்கிறது; என் பலவீனம் அதுதான் என்று சிவமலருக்கும் தெரியும். தட்டில் கத்தி விழுகிற சத்தம் கேட்டால் என் ஜீப் தானாகவே இடது பக்கம் இழுக்கும். சக்கரம் சரியில்லை என்று நினைக்கிறேன். கடையின் பின்பக்கம், குப்பைத் தொட்டியோடு ஒட்டிய ஓரத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் நிற்பாட்டி, ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு மட்டன் றோல்ஸ் சாப்பிட்டேன். ஒன்று எனக்கு. மற்றது முதல் நாள் பட்டினிக்கு.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதே ஓரம்தான். திருநீறு டாஷ்போர்டுக்குள் தயாராக இருந்தது. சாப்பிட்டு, கை துடைத்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சிவமலர் இரக்கத்தோடு பால் காய்ச்சித் தருவாள். உண்மையில் விரதம் இருந்தவள் அவள்தான். எனக்கு மனம் குத்தியது. ஆனால் ஏப்பம் அதை அமத்திவிட்டது.

ஆறாம் நாள் சூரன்போர். இரண்டு பேருமாக ஜீப்பில் ஆர்ச்வேக்குப் போனோம். நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. கோயிலடியில் இறங்கியதும் நான் வழக்கமாக எங்கே நிற்பாட்டுறனான் என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தைக் காட்டினேன். கைப்பையில் இருந்து ஒரு ரோர்ச்சை எடுத்து அந்த இடத்தில் அடித்தாள். ஊதா வெளிச்சம். அவள் வேலை செய்கிற தபால் கந்தோர் கவுண்டரில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கிறது.

நிலம் நிலமாகவே இருந்தது.

“ஒரு சொட்டும் இல்லையே” என்றாள்.

நானும் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். பிறகு நாக்கில் முருகனே வந்து நின்றான். “அதுதான் அருள். கோயிலடிக்கு வந்தால் ஒழுகிறேல்லை” என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே சூரன் விழுந்தான். வெளியே நான் நிமிர்ந்து நின்றேன்.

திரும்பி வரும்போது, நாளைக்கு விரதம் முடிக்கிற பாறணைக்கு வாழையிலை வாங்கவேண்டும், கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருக்கும் என்றாள். முன்னால் நிற்பாட்டினேன். பின்பக்கம் போகச் சொன்னாள். போனேன். இறங்கி, குப்பைத் தொட்டியடியில் ரோர்ச்சை அடித்தாள்.

தீபாவளி திரும்பி வந்தது. ஓரம் முழுக்கப் பச்சை. ஒரு சொட்டுக்கு மேல் ஒரு சொட்டாக, நான் நின்ற ஒவ்வொரு பின்னேரமும் அங்கே கிடந்து மின்னியது.

“முருகன் இந்தப் பக்கம் வாறேல்லைப் போலை” என்றாள்.

வேறு யாரும் நிற்பாட்டியிருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இந்தச் சாயத்தோடு இன்னும் எத்தனை பேர் றோல்ஸ் சாப்பிட வாறவை என்று கேட்டாள். சாவியை எடுத்து நீட்டினேன். “வில்லும். அந்தப் பின் சீலைத் திருத்த எங்களுக்கு வசதி இல்லை” என்றேன்.

“என்ன பின் சீல்? ஒயில் பிளக்கின்ரை வாசர், ஒரு சின்ன வளையம், தேஞ்சு போச்சு. ஒரு தேத்தண்ணிக் காசு. றமணன் அண்டைக்கே கண்டுபிடிச்சிட்டார். சஷ்டி முடியும்வரைக்கும் மாத்த வேண்டாம், சாயத்தை மட்டும் ஊத்துங்கோ எண்டு நான்தான் சொன்னனான்.”

“ஏன்?”

“போன வருசமும் நீங்கள் விரதம் பிடிச்சு ரெண்டு கிலோ கூடினனீங்கள்.”

ஜீப்பை அவள் விற்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் சிவமலர் மேலே இருந்து இறங்குகிறாள். நான் மற்றப் பக்கத்தால் இறங்கி, முழங்காலில் நின்று குனிந்து, கீழே ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்துச் சொல்கிறேன்.