சித்தி துலக்கிய குழாய்

அன்பும் கோபமும் கலந்து சித்திக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உங்கள் நலத்தைப் போனில் விசாரித்திருப்பேன். என் எண்ணை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் கடிதம்.

"பெரியவங்ககிட்ட ஒரு சாரி சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்று அம்மா நேற்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டேன். நீங்கள் துலக்கியது அழுக்குக் குழாய் இல்லை, சித்தி. அணு உலையில் தண்ணீரை ஆவியாக்கும் குழாயின் மாதிரி. அதை வேண்டுமென்றே சொரசொரப்பாக்க, ஆய்வகம் பூட்டியிருந்த விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, விரல் தோல் உரிய உப்புத்தாளால் தேய்த்தேன். சொரசொரப்பின் நுண்ணிய குழிகளில்தான் ஆவி ஒளிந்திருந்து குமிழாகக் கிளம்பும். குமிழ் சீக்கிரம் கிளம்பினால் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகும், குழாய் அளவுமீறிக் காயாது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீங்கள் அதைப் பளபளவென்று துலக்கி, டம்ளர்களுக்கு நடுவே கவிழ்த்துவிட்டு, "இவ்வளவு படிச்சும் ஒரு சாமானத் தேய்க்கத் தெரியல பாரு" என்றீர்களே, அதற்கு நான் கத்தியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறுவதாக இல்லை. இன்று சோதனை. சரியாக வராவிட்டால் என் ஆய்வு ஆய்வகச் சீனியரின் கைக்குப் போய்விடும் என்று ஆய்வு வழிகாட்டி முன்பே எச்சரித்திருந்தார். வேறு குழாய்க்கு நேரமில்லை. நீங்கள் துலக்கியதையே மாட்டியிருக்கிறேன். "இதப் பாத்து ஷேவ் பண்ணலாம் போலயே!" என்று சீனியர் சிரிக்கிறார். தண்ணீர் சூடேறிக்கொண்டிருக்கிறது, எனக்கும்தான். ஆய்வே போனாலும் போகட்டும். சொரசொரப்பாக இருக்கவேண்டியதைச் சொரசொரப்பாக விடுங்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வேன், உங்களிடமும்.

சித்தப்பாவுக்கு அன்பு, தம்பிக்கு முத்தம், உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத அக்கா மகள்

பி.கு.: தண்ணீர் கொதித்துவிட்டது. முன்பு நானே தேய்த்துச் சோதித்த பழைய குழாயைவிடக் குறைந்த சூட்டிலேயே இதன் உடம்பெல்லாம் குமிழ்! சீனியர் நம்பாமல் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். குழாய் ஆறியதும் மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். பளபளப்பெல்லாம் வெறும் கண்ணுக்குத்தான். எங்கும் உங்கள் கம்பி நார் இழுத்த மெல்லிய கீறல்கள். பழைய குழாயில் என் உப்புத்தாள் போட்ட கீறல்கள் அகலமாம், ஆவி தங்குவதற்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறதாம். "எப்படிம்மா பண்ணின? விவரமா எழுதிக் குடு" என்கிறார் வழிகாட்டி. எவ்வளவு அழுத்தினீர்கள், எந்தப் பக்கமாக இழுத்தீர்கள்? உடனே கிளம்பி வாருங்கள். இன்னொரு குழாயை என் கண்முன் துலக்கிக் காட்டிவிட்டு, அப்புறம் வேண்டுமானால் மறுபடியும் கோபித்துக்கொண்டு போங்கள்.